இடிந்த மதிலுக்கு 52 நாள்: கஷ்டத்தில் இருக்கிற புது விசுவாசிக்கு ஒரு வழிகாட்டி

ராயக்கோட்டை பக்கம் எங்களுக்கு ஒன்றரை ஏக்கர் தக்காளி. ஒரு பருவத்தில் விலை விழுந்துவிட்டது. பெட்டிக்குக் கிடைத்த பணம் பறிப்புக் கூலிக்கும் வண்டி வாடகைக்கும்கூடக் கட்டவில்லை. பறிக்காமல் அப்படியே விட்டோம். மாட்டை அவிழ்த்து வயலுக்குள் விட்டது நான்தான். நகைக் கடன் ஒரு பக்கம், மகளிர் குழுக் கடன் ஒரு பக்கம், தனியாரிடம் வாங்கிய வாரக் கடன் ஒரு பக்கம். அந்த வாரத்தில் ஒரு நாள் ராத்திரி, களியும் கீரைக் குழம்பும் போட்டு என் மனைவி முன்னால் வைத்த தட்டை எடுத்துச் சுவரில் எறிந்தேன். அவள் கேட்டது ஒரே ஒரு கேள்விதான், என்ன கேள்வி என்றுகூட இன்று நினைவில்லை. களி உருண்டை சுவரில் ஒட்டிக்கொண்டு மெதுவாக வழுக்கி இறங்கியது. ஆறு வயது மகள் கட்டிலுக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாள். கூப்பிட்டும் வெளியே வரவில்லை.

நான் ஞானஸ்நானம் எடுத்து அப்போது ஒரு வருடம்கூட ஆகவில்லை. விசுவாசத்துக்கு வந்தால் கஷ்டம் தீரும் என்று நினைத்திருந்தேன். கஷ்டமும் தீரவில்லை, கோபமும் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை பாட்டுப் பாடுகிற அதே வாய் திங்கட்கிழமை கத்தியது. இந்த நிலையில் இப்போது இருக்கிறவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். தர்மபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ சமீபத்தில் சபைக்கு வந்தவராக இருக்கலாம், சின்ன வயதில் விட்ட கோவிலுக்கு இப்போது திரும்பி வந்தவராகவும் இருக்கலாம். “ஜெபம் பண்ணுகிறேன், ஆனால் வீட்டில் நான் மாறவே இல்லையே” என்ற தவிப்பு உங்களுக்கு இருந்தால், எனக்குக் கைகொடுத்த வழி இது.

எங்கள் சபை மூப்பர் ஒருவர் கருங்கல் கட்டு வேலை செய்கிறவர். தட்டை எறிந்த கதையை அவரிடம்தான் முதலில் சொன்னேன். அவர் புத்திமதி எதுவும் சொல்லவில்லை. நீதிமொழிகள் 25:28ஐத் திறந்து என்னையே வாசிக்கச் சொன்னார். “தன் ஆவியை அடக்காத மனுஷன் மதிலிடிந்த பாழான பட்டணம்போலிருக்கிறான்.” கிருஷ்ணகிரி மலைக்கோட்டைக்கு ஏறிப் போனவர்களுக்கு இடிந்த மதில் எப்படி இருக்கும் என்று தெரியும். காவல் இல்லை, யார் வேண்டுமானாலும் எந்தப் பக்கமிருந்தும் உள்ளே வரலாம். நான் அப்படித்தான் இருந்தேன். போனில் ஒருவன் அதட்டினால் அந்த அதட்டல் நேராக என் வீட்டுச் சமையல்கட்டு வரைக்கும் வந்தது.

“சரிங்க ஐயா, இடிஞ்சு போச்சு. எப்படிக் கட்டறது?” என்று கேட்டேன். “மதில் கட்டின ஒருத்தர் கதை இருக்கு தம்பி, அதைப் படி” என்று நெகேமியா புத்தகத்தைக் காட்டினார்.

முதலில் அந்தப் புத்தகத்தைத் திறங்கள்

பழைய ஏற்பாட்டில் எஸ்றாவுக்கும் எஸ்தருக்கும் நடுவே இருக்கிறது, 13 அதிகாரம். பெயர்ப் பட்டியல் நிறைய வருகிற 7, 10, 11, 12 ஆகிய அதிகாரங்களை முதல் தடவை மேலோட்டமாகப் பார்த்துக்கொண்டு போகலாம். 3ஆம் அதிகாரமும் பட்டியல்தான், ஆனால் அதைத் தாண்டிவிடாதீர்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கதை இதுதான். கி.மு. 586இல் பாபிலோனியர் எருசலேமை அழித்தார்கள். ஏறக்குறைய 140 வருடம் கழித்து, பெர்சிய ராஜா அர்தசஷ்டாவிடம் பானபாத்திரக்காரனாக வேலை பார்த்த நெகேமியாவுக்கு, எருசலேமின் அலங்கம், அதாவது மதில், இடிந்தே கிடக்கிறது, வாசல்கள் எரிந்து கிடக்கின்றன என்று செய்தி வருகிறது. அவர் ராஜாவிடம் விடை பெற்று ஊருக்குப் போய் மதிலைக் கட்டுகிறார். 52 நாளில் வேலை முடிகிறது. மதிலைப் பற்றிய கதைதான், ஆனாலும் ஒரு மனுஷன் தன்னை எப்படிக் கட்டி எழுப்புவது என்பதற்கு இதைவிடத் தெளிவான பாடத்தை நான் வேறெங்கும் பார்க்கவில்லை.

இன்னொரு வார்த்தையையும் தெரிந்துகொள்ளுங்கள். கலாத்தியர் 5ஆம் அதிகாரத்தில் ஆவியின் கனி என்று ஒன்பது குணங்களைப் பவுல் சொல்கிறார், கடைசியாக வருவது “இச்சையடக்கம்”. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பில் இதே இடத்தில் “தன்னடக்கம்” என்று இருக்கும். கத்தோலிக்கக் கோவிலுக்குப் போகிறவர்களுக்கு அந்தச் சொல்தான் பழக்கம். எந்தச் சொல்லாக இருந்தாலும் அது கனி என்பதை மறக்க வேண்டாம். நம் பக்கத்தில் ஒட்டு மாங்கன்று நட்டால் முதல் இரண்டு மூன்று வருடம் வருகிற பூவைக் கிள்ளிப் போடுவார்கள். ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் அப்போதே காய்க்க விட்டால் செடி தளர்ந்துபோகும் என்று விவசாயிக்குத் தெரியும். ஞானஸ்நானம் எடுத்த மறுவாரமே பழுத்த பழத்தை உங்களிடம் நீங்களே எதிர்பார்த்தால் மனம் ஒடிந்துதான் போவீர்கள்.

அழுதுவிடுங்கள்

செய்தி வந்ததும் நெகேமியா செங்கல் வாங்கக் கிளம்பவில்லை. உட்கார்ந்து அழுதார், சில நாள் துக்கித்தார், உபவாசித்தார். செய்தி வந்தது கிஸ்லேயு மாதம், ராஜாவிடம் வாய் திறந்தது நிசான் மாதம். நடுவில் ஏறக்குறைய நாலு மாதம்.

நம் சபைகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. யாராவது கஷ்டத்தைச் சொன்னால் உடனே “ஸ்தோத்திரம் சொல்லுங்க, எல்லாம் சரியாயிடும்” என்று முடித்துவிடுவோம். நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார்கள். ஆனாலும் அழ இடம் கிடைக்காத துக்கம் கோபமாக மாறி வீட்டில் உள்ளவர்கள் மேல் விழுகிறது, நான் அனுபவித்தது. சங்கீதம் 13ஐ எடுத்துக்கொள்ளுங்கள், “கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்” என்றுதான் ஆரம்பிக்கிறது. சங்கீதம் 88 இருளிலேயே முடிகிறது, கடைசி வரியில்கூட வெளிச்சம் இல்லை. அதுவும் வேதத்தில்தான் இருக்கிறது, யாரும் அதைக் கிழித்து எடுக்கவில்லை.

ஒரு இடம் பார்த்துக்கொள்ளுங்கள். எனக்குக் கிணற்று மேட்டில் இருந்த மோட்டார் ரூம். கதவைச் சாத்திக்கொண்டு கர்த்தரிடம் உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். “ஆண்டவரே, நான் உம்மேல் கோபமாக இருக்கிறேன்” என்று சொல்வதும் ஜெபம்தான். பத்து நிமிடம் போதும். அழகான வார்த்தை வேண்டியதில்லை.

ராத்திரியில் சுற்றிப் பாருங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். ஊருக்கு வந்த நெகேமியா மூன்று நாள் சும்மா இருந்தார். பிறகு ராத்திரியில், யாரிடமும் சொல்லாமல், சிலரை மட்டும் கூட்டிக்கொண்டு, இடிந்த மதிலைச் சுற்றிப் பார்த்தார். ஓர் இடத்தில் இடிபாடு அவ்வளவு கிடந்தது, அவர் ஏறியிருந்த மிருகம் நடக்க வழியில்லை என்று 2:14 சொல்கிறது. எங்கே எவ்வளவு இடிந்திருக்கிறது என்று கண்ணால் பார்த்த பிறகுதான் “கட்டுவோம் வாருங்கள்” என்று ஜனங்களிடம் சொல்கிறார்.

மூப்பர் என்னிடம் ஒரு 40 பக்க நோட்டு வாங்கச் சொன்னார். திருந்துவதற்கு முயற்சி எதுவும் வேண்டாம், எட்டு நாள் எழுதிக்கொண்டு மட்டும் வா என்றார். கோபம் வந்த ஒவ்வொரு தடவையும் நாலு விஷயம்: மணி என்ன, எங்கே இருந்தேன், சாப்பிட்டு எவ்வளவு நேரம் ஆயிற்று, அதற்கு முந்தின அரை மணி நேரத்தில் என்ன நடந்தது. அவ்வளவுதான். நல்லவன், கெட்டவன் என்ற தீர்ப்பு நோட்டில் வரக்கூடாது.

எட்டாம் நாள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். ஐந்து தடவை கோபம். ஐந்தும் சாயங்காலம் ஆறரைக்கும் எட்டுக்கும் நடுவே. ஐந்திலும் நான் மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. நாலு தடவை, வீட்டுக்குள் நுழையும் முன் கடன் கொடுத்தவரிடமிருந்து போன் வந்திருந்தது. என் மனைவியின் பேச்சால்தான் எனக்குக் கோபம் வருகிறது என்று பல வருடமாக நம்பியிருந்தேன். நோட்டில் அவள் பேச்சுக்கு இடமே இல்லை. அதைப் பார்த்தபோது வெட்கமாக இருந்தது. கூடவே, முதல் தடவையாகக் கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது. “நான் கோபக்காரன்” என்பதை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. “ஆறரை மணிக்குப் பசியோடும் பயத்தோடும் வீட்டுக்குள் நுழைகிறேன்” என்பதை வைத்து ஏதாவது செய்யலாம்.

உங்களுடைய விஷயம் வேறாக இருக்கலாம். ஓசூரில் கம்பெனி வேலை பார்க்கிறவருக்கு ராத்திரி ஷிப்ட் முடிந்து தூக்கம் வராமல் போனைப் பார்த்துக்கொண்டே கிடப்பது இருக்கலாம். பெங்களூரில் கட்டட வேலைக்குப் போய்ச் சனிக்கிழமை கூலியோடு பஸ் ஏறுகிறவருக்கு, பஸ் ஸ்டாண்டிலிருந்து வீடு போகிற வழியில் இருக்கிற டாஸ்மாக் கடையாக இருக்கலாம். அக்கம்பக்கத்து வீட்டோடு ஒப்பிட்டுத் தன்னையே வதைத்துக்கொள்வதாக இருக்கலாம், பிள்ளையைத் திட்டும் வாயாக இருக்கலாம். எதுவானாலும் எட்டு நாள் எழுதுங்கள்.

உங்கள் வீட்டுக்கு எதிரே இருப்பதைக் கட்டுங்கள்

3ஆம் அதிகாரத்துக்கு வருவோம். யார் யார் மதிலின் எந்தப் பகுதியைக் கட்டினார்கள் என்ற பட்டியல் அது. அதில் திரும்பத் திரும்ப ஒரு வார்த்தை வரும். அவரவர் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்ததைக் கட்டினார்கள். முழு மதிலையும் ஒருவர் தலையில் கட்டவில்லை. முன்னால் இருக்கும் ஒரு துண்டுதான் ஒருவருக்கு.

புதிதாக வந்தவர்கள் செய்கிற பெரிய தவறு, எல்லாவற்றையும் ஒரே நாளில் விடுவதாகப் பொருத்தனை பண்ணுவது. குடி, சிகரெட், கோபம், சினிமா, போன், எல்லாம் இன்றோடு சரி என்பார்கள். மூன்றாம் நாள் ஒன்று உடையும், உடனே எல்லாமே போயிற்று என்று விட்டுவிடுவார்கள். ஒரு துண்டு எடுங்கள். அதுவும் “கோபப்பட மாட்டேன்” என்று எடுக்காதீர்கள், அதைக் கையால் பிடிக்க முடியாது. செய்யக்கூடிய ஒரு காரியமாக எடுங்கள்.

என்னுடைய கல் இது. சாயங்காலம் வந்ததும் நேராக வீட்டுக்குள் போகாமல், வாசல் வேப்பமரத்தடியில் பத்து நிமிடம் உட்காருவது. ஒரு சொம்புத் தண்ணீர், கையில் இருந்தால் ஒரு வாழைப்பழம். போன் சைலண்டில், எட்டு மணி வரை எடுப்பதில்லை. அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு சங்கீதம். இதை 52 நாள் செய்வேன் என்று மூப்பரிடம் சொன்னேன். 52 என்ற எண்ணில் விசேஷ சக்தி எதுவும் இல்லை, வேதம் அப்படி ஒரு கட்டளையும் கொடுக்கவில்லை. ஒரு முடிவு நாள் கண்ணுக்குத் தெரிந்தால் கால் நடக்கிறது, அதற்காகத்தான். தவக்காலத்தில் நாற்பது நாள் ஒறுத்தல் இருந்து பழகினவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

மூப்பர் கல் கட்டுகிற இடத்துக்கு ஒரு நாள் போயிருந்தேன். பெரிய கல்லை வைத்துவிட்டுக் கையால் ஆட்டிப் பார்க்கிறார். ஆடினால் கல்லை மாற்றுவதில்லை. காலடியில் கிடக்கிற துண்டுகளில் ஒன்றைப் பொறுக்கி, இடுக்கில் செருகி, சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டுகிறார். மறுபடி ஆட்டிப் பார்க்கிறார். பெரிய கல்லை நிறுத்துவது அந்தச் சின்னத் துண்டுதான். வேப்பமரத்தடிப் பத்து நிமிடத்தை நான் அப்படித்தான் பார்க்கிறேன்.

கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஜெபம்

“நீ கேட்கிற காரியம் என்ன” என்று ராஜா கேட்கிறார். அடுத்த வரி: நெகேமியா பரலோகத்தின் தேவனை நோக்கி ஜெபம் பண்ணி, பிறகு ராஜாவுக்குப் பதில் சொல்கிறார். ராஜா முன்னால் முழங்கால் போட நேரம் ஏது? ஒரு மூச்சு நேரம்தான் இருந்திருக்கும்.

கோபமோ ஆசையோ வந்து நிற்கிற அந்த நொடிக்கு ஒரு வரி மனப்பாடமாக இருக்க வேண்டும். நீளமாக இருந்தால் அந்த நேரத்தில் வாயில் வராது. சங்கீதம் 141:3இன் முதல் பாதியை நான் வைத்துக்கொண்டேன்: “கர்த்தாவே, என் வாய்க்குக் காவல் வையும்.” மூச்சை உள்ளே இழுக்கும்போது “கர்த்தாவே”, விடும்போது மீதி. மூன்று தடவை. அதற்குள் வாய்க்கு வந்த வார்த்தை பாதி கரைந்துவிடும். சும்மா இருக்கும்போது, தண்ணீர் பாய்ச்சும்போது, பஸ்ஸில் உட்கார்ந்திருக்கும்போது சொல்லிச் சொல்லிப் பழகுங்கள், அவசரத்தில் அப்போதுதான் தானாக வரும்.

5ஆம் அதிகாரத்தில் நெகேமியாவுக்கே கடுங்கோபம் வருகிறது. பஞ்சத்தில் ஜனங்கள் நிலத்தையும் வீட்டையும் அடகு வைத்திருக்கிறார்கள், சொந்த ஜனத்தாரே அவர்களிடம் வட்டி வாங்குகிறார்கள். நியாயமான கோபம். அப்போதும் அவர் முதலில் “என் மனதிலே ஆலோசனைபண்ணி” என்கிறார், பிறகு அதிகாரிகளைக் கடிந்துகொள்கிறார். இச்சையடக்கம் என்றால் வாயை மூடிக்கொண்டு அடங்கிக் கிடப்பது என்று யாராவது சொன்னால் இந்த அதிகாரத்தைக் காட்டுங்கள்.

இதை ஒட்டி ஒரு விஷயம், முக்கியமாகப் பெண்களுக்கு. குடித்துவிட்டு வந்து அடிக்கிற புருஷனைச் சகித்துக்கொள்வதுதான் கிறிஸ்தவப் பொறுமை என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். அடக்கம் தேவைப்படுவது அடிக்கிற கைக்கு. பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள், 181 என்ற எண்ணில் பெண்களுக்கான உதவி மையத்தைக் கூப்பிடுங்கள்.

ஜெபமும் வேண்டும், காவலும் வேண்டும்

எதிரிகள் மிரட்டியபோது என்ன செய்தார்கள் என்று 4:9 சொல்கிறது. தேவனை நோக்கி ஜெபம் பண்ணினார்கள், இரவும் பகலும் காவலும் வைத்தார்கள். இரண்டும் ஒரே வசனத்தில் இருக்கிறது. ஜெபித்துவிட்டோம், இனிக் காவல் எதற்கு என்று அவர்கள் கேட்கவில்லை.

காவல் என்றால் நடைமுறையில்: பஸ்ஸை விட்டு ஒரு ஸ்டாப் முன்னாலேயே இறங்கி வேறு தெருவில் நடப்பது. ஏடிஎம் கார்டை மனைவியிடம் கொடுத்துவைப்பது. சூதாட்ட ஆப்பை அழிப்பதோடு நிற்காமல், பணம் போடுகிற கணக்கையும் அந்தப் போனிலிருந்து எடுத்துவிடுவது. ராத்திரி போனைப் படுக்கிற அறைக்கு வெளியே சார்ஜில் போடுவது. 1 கொரிந்தியர் 10:13இல் சோதனையோடுகூடத் தப்பிக்கொள்ளும்படியான போக்கையும் தேவன் உண்டாக்குவார் என்று இருக்கிறது. எஜமானின் மனைவி பாவத்துக்கு இழுத்தபோது யோசேப்புக்கு அந்தப் போக்கு வாசல் கதவு. வஸ்திரத்தை விட்டுவிட்டு ஓடினார், நின்று வாதாடவில்லை.

கூட்டாளி கூப்பிட்டால்? 6ஆம் அதிகாரம். மதில் வேலையை எதிர்த்த சன்பல்லாத்தும் கேஷேமும் நெகேமியாவை வெளியே சந்திக்கக் கூப்பிடுகிறார்கள். “நான் பெரிய வேலையைச் செய்கிறேன், நான் வரக்கூடாது” என்று ஆள் அனுப்புகிறார். பழைய தமிழில் வரக்கூடாது என்றால் வர முடியாது என்று அர்த்தம். நாலு தடவை கூப்பிட்டார்கள், நாலு தடவையும் அதே பதில். புதுக் காரணம் கண்டுபிடிக்கவே இல்லை. நீங்களும் விளக்கம் சொல்லாதீர்கள், சொல்லச் சொல்ல எதிராளிக்குப் பிடி கிடைக்கும். “இல்ல மாப்ளே, நான் வரல.” நாலாவது தடவையும் அதே வார்த்தை.

கடனைப் பற்றி

நம் மாவட்டங்களில் மனுஷனை உடைப்பதில் பாதி கடன்தான் என்பது என் எண்ணம். போர் ஆயிரம் அடி போட்டும் தண்ணீர் வராத வீடு, மாங்காய்க்கு விலை வராத வருடம், எல்லாம் கடைசியில் அங்கேதான் வந்து நிற்கிறது. எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுதுங்கள்: யாரிடம், எவ்வளவு, வட்டி என்ன, எந்தத் தேதி. மனைவிக்கோ கணவனுக்கோ தெரியாத கடன் ஒன்றுகூட இருக்கக்கூடாது. அந்தத் தாளைக் காட்டிய ராத்திரி எங்கள் வீட்டில் யாரும் சாப்பிடவில்லை, ஆனால் அதற்குப் பிறகு போன் மணி அடித்தால் நான் பதறுவது குறைந்துவிட்டது. பழைய கடனை அடைக்கப் புதுக் கடன் வாங்காதீர்கள். வங்கியில் வைத்த நகைக்குக் கெடு நெருங்கினால், ஏலம் வரும்வரை ஒளிந்துகொண்டிருக்காமல் நேரில் போய்ப் பேசுங்கள்.

கந்துவட்டி வாங்கி மிரட்டுகிறவர்கள் இருந்தால், தமிழ்நாட்டில் 2003இலேயே அதற்குத் தடைச் சட்டம் வந்திருக்கிறது. போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கலாம், திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனு கொடுக்கலாம். விசுவாசிக்கு இது பொருந்தாது என்று சிலர் நினைக்கிறார்கள். வட்டி கொடுமையைச் சபை நடுவே எழுப்பிப் பேசியவர்தான் நெகேமியா.

காணிக்கை விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். இவ்வளவு விதைத்தால் கடன் தீரும் என்று தொகை குறித்து, கடன்பட்ட ஆளிடம் பணம் கேட்கிற இடத்தைவிட்டு வந்துவிடுங்கள்.

உடம்பைக் கவனியுங்கள்

தீர்க்கதரிசி எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும் என்று சொன்ன இடம் 1 இராஜாக்கள் 19. தேவதூதன் வந்து போதனை எதுவும் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, சாப்பிட வைத்து, தூங்க வைத்து, மறுபடி எழுப்பிச் சாப்பிட வைத்தான். பசியும் தூக்கமின்மையும் இருக்கும்போது எடுக்கிற பெரிய முடிவு எதையும் நம்பாதீர்கள்.

பல வருடம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, சிலருக்கு வலிப்பு, இல்லாதது கண்ணுக்குத் தெரிவது வரை போகும். உயிருக்கே ஆபத்து வரலாம். அவரை உபவாச ஜெபத்தில் உட்கார வைத்து நிறுத்தப் பார்க்காமல், முதலில் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. சர்க்கரை, மனநோய், எதற்காக மாத்திரை சாப்பிட்டாலும் விசுவாசத்தின் பேரில் அதை நிறுத்த வேண்டாம். உயிரை விடலாம் என்ற எண்ணம் வந்தால் 14416க்குப் போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசுச் சேவை அது, இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். அப்புறம் போதகருக்கோ பங்குத்தந்தைக்கோ போன் போடுங்கள். இரண்டையும் செய்யலாம்.

தனியாகக் கட்டாதீர்கள்

ஒரே ஒரு ஆள் போதும். ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண், உங்களைவிட விசுவாசத்தில் மூத்தவர், ஒரு வீட்டு விஷயத்தை இன்னொரு வீட்டில் சொல்லாதவர். வாரம் ஒரு நாள் நோட்டைக் காட்டுங்கள். சபை முன்னால் சாட்சி சொல்லச் சொல்லி உங்களை அவசரப்படுத்தினால் மறுத்துவிடலாம். கட்டின சுவர் ஈரம் காய வேண்டும்.

பரியாசம் வரும். “ஒரு நரி ஏறினால் இந்தக் கல்மதில் இடிந்துபோகும்” என்று எதிரிகளில் ஒருவனான தொபியா சொன்னான். என்னைப் பார்த்து, “அல்லேலூயா ஆள் மரத்தடியில உட்கார்ந்திருக்காரு” என்று சொன்னவர்கள் உண்டு. பரியாசத்தைவிடக் கஷ்டமானது பாதி வழியில் வரும் அசதி. 4:10இல் யூதா மனுஷர் சொல்கிறார்கள்: சுமக்கிறவர்களின் பெலன் குறைந்துபோகிறது, மண்மேடு இன்னும் மிச்சமிருக்கிறது, எங்களால் கட்ட முடியாது. எனக்கு அது 23ஆம் நாள். வாரக் கடன்காரர் நேரில் வந்து நின்றார், அவர் போனதும் நான் வீட்டில் கத்தினேன். நோட்டை எடுத்துக்கொண்டு மூப்பரிடம் போய், எல்லாம் போச்சு ஐயா என்றேன். “ஒரு கல்லு விழுந்தா சுவரையே தள்ளிட்டு வருவியா தம்பி?” என்று கேட்டார். அன்றைய பக்கத்தில் மணி, இடம், பசி எல்லாம் எழுத வைத்தார். மறுநாள் 24 என்று எழுதினேன். திரும்பவும் ஒன்றிலிருந்து ஆரம்பிக்க விடவில்லை.

விழுந்த பிறகு மகளிடம் மன்னிப்புக் கேட்டேன். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது நம் ஊரில் வழக்கமில்லை, எனக்கு நாக்கு எழவில்லை. கட்டிலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா கத்தினது தப்பு கண்ணு” என்று மட்டும் சொன்னேன். அவள் பதில் சொல்லாமல் வரைந்துகொண்டே இருந்தாள். அதுவும் சரிதான், அவளுக்கும் நாள் வேண்டும்.

நம்பிக்கை எங்கே வருகிறது

ரோமர் 5ஆம் அதிகாரத்தில் பவுல் வரிசையாகச் சொல்கிறார்: உபத்திரவம் பொறுமையையும், பொறுமை பரீட்சையையும், பரீட்சை நம்பிக்கையையும் உண்டாக்குகிறது. நம்பிக்கை அங்கே கடைசியில் வருகிறது. மனதில் நம்பிக்கை பொங்கினால்தான் தொடங்க முடியும் என்று நான் காத்திருந்தேன், அது பொங்கவே இல்லை. வேப்பமரத்தடியில் முப்பது நாள் உட்கார்ந்த பிறகு, ஒரு சாயங்காலம், கடன்காரர் போனைப் பார்த்துவிட்டும் என் கை நடுங்காமல் இருந்ததைக் கவனித்தேன். கடன் அப்படியேதான் இருந்தது. அப்போது நினைத்தேன், இதை நான் தனியாகச் செய்யவில்லை, வேறொருவர் பெலன் கொடுத்துக்கொண்டிருக்கிறார். அதற்கு அடுத்த வசனம், அந்த நம்பிக்கை நம்மை வெட்கப்படுத்தாது என்கிறது, காரணமும் சொல்கிறது: தேவ அன்பு நம் இருதயங்களில் ஊற்றப்பட்டிருக்கிறது.

52ஆம் நாளுக்குப் பிறகு

நோட்டை உட்கார்ந்து வாசியுங்கள். பிறகு அடுத்த துண்டை எடுங்கள். எனக்கு அடுத்தது வெற்றிலை பாக்கு, அதற்கு அடுத்தது பேச்சில் வருகிற பொய். மதில் கட்டி முடித்த பிறகும், நெகேமியா ஊரில் இல்லாத சமயத்தில் ஜனங்கள் பழையபடி ஆனதை 13ஆம் அதிகாரம் ஒளிக்காமல் சொல்கிறது. கட்டின இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போய்ப் பார்க்க வேண்டும்.

8ஆம் அதிகாரத்தில் ஜனங்கள் நியாயப்பிரமாணத்தைக் கேட்டு அழுகிறார்கள். அழ வேண்டாம், போய்ச் சாப்பிடுங்கள், ஒன்றுமில்லாதவர்களுக்குப் பங்கு அனுப்புங்கள் என்று அவர்களுக்குச் சொல்லப்படுகிறது. அந்த வசனத்தை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். 52 நாளில் நான் கத்தியது நாலு தடவை, நோட்டில் இருக்கிறது. தக்காளி விலை அந்த மாதமும் ஏறவில்லை. மனைவி வெல்லம் போட்டுப் பாயசம் வைத்தாள். போர் வற்றிப்போன பக்கத்துத் தோட்டத்து வீட்டுக்கு ஒரு தூக்குப் போணியில் ஊற்றி மகளிடம் கொடுத்தனுப்பினோம். அவள் போணியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சிந்தாமல், வரப்பு மேல் மெதுவாக நடந்து போனாள்.